ரேம் கோளாறா, மதர்போர்டு கோளாறா? நீங்களே கண்டுபிடிக்கலாம்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களை மிகவும் பயமுறுத்துவது எது தெரியுமா? வைரஸ் அல்ல. வேலை நடந்து கொண்டிருக்கும்போதே திரை முழுவதும் நீலமாகி, புரியாத ஆங்கில வாசகம் ஒன்றைக் காட்டிவிட்டு கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதே, அதுதான். (விண்டோஸ் 11ல் 2025ல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு இந்தத் திரை நீலத்திலிருந்து கருப்புக்கு மாறிவிட்டது. நிறம்தான் மாறியது, கோளாறு அதேதான்.) உடனே கடைக்கு போன் செய்கிறோம். "மதர்போர்டு போயிருக்கும் சார்" என்று பதில் வருகிறது. நாமும் நம்பிவிடுகிறோம்.

அந்த பதில் சில சமயம் சரியாக இருக்கும். பல சமயம் தவறாக இருக்கும். எது சரி என்பதை ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பென் டிரைவ், கொஞ்சம் பொறுமை ஆகிய மூன்றை வைத்துக் கொண்டு நீங்களே கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

பூக்கடையில் நடந்தது

எங்கள் ஊர் தோவாளை. விடியும் முன்பே கூடிவிடும் பூச்சந்தை இங்கே பிரபலம். சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிற என் மாமா, பூ கொண்டுவருகிறவர்களின் கணக்கை கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். 4 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு போட்டது. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

சென்ற ஆண்டு ஆவணியில் ஒருநாள் காலை மாமாவிடமிருந்து போன். "மக்களே, பொட்டி போச்சு போல இருக்கு. நாலு நாளா பில் போடும்போதெல்லாம் நீலமாயிட்டு நிக்குது. கடைக்காரன் மதர்போர்டும் ரேமும் மாத்தணுமுன்னு 11,000 ரூபாய் கேக்கான். மாத்தச் சொல்லட்டுமா?"

கேரளத்தில் அத்தப்பூக்கோலம் தொடங்க நான்கே நாள்தான் இருந்தது. ஓணம் சீசனில் கடை ஒருநாள் கணக்கில்லாமல் நின்றாலும் பெரிய சிக்கல். "ஒண்ணும் மாத்தாதீங்க மாமா, நான் வாறேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். அங்கே நான் செய்ததைத்தான் கீழே வரிசையாகச் சொல்லப் போகிறேன். விடையைக் கடைசியில் சொல்கிறேன்.

ரேம் என்ன செய்கிறது?

ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி என்பது பீரோ. ரேம் என்பது மேஜை. பீரோவில் உள்ள ஃபைலை மேஜைக்கு எடுத்து வந்து வைத்துத்தான் ப்ராசசர் வேலை செய்கிறது. வேலை முடிந்ததும் திரும்ப பீரோவில் வைக்கிறது. மேஜையில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? வைத்த காகிதம் சில சமயம் கிழிந்து போகும். கிழிந்த காகிதத்தைப் பார்த்து விண்டோஸ் குழம்பி நின்றுவிடுவதைத்தான் நாம் கிராஷ் என்கிறோம்.

ஆனால் ஓட்டை மேஜையின் ஆபத்து கிராஷ் மட்டுமல்ல. விண்டோஸ் குழம்பி நின்றால் நமக்குத் தெரிந்துவிடும். குழம்பாமல், தவறான எண்ணை அப்படியே பீரோவில் கொண்டு போய் வைத்துவிட்டால்?

ஒரு உதாரணம். கம்ப்யூட்டரில் "1" என்ற எழுத்து 00110001 என்று பதிவாகிறது. "5" என்பது 00110101. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட்தான். ரேமில் அந்த ஒரு பிட் புரண்டால் 1,250 ரூபாய் 5,250 ரூபாய் ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

இது கற்பனை அல்ல. 2003 மே 18ல் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில், ஷார்பீக் என்ற பகுதியில் மின்னணு வாக்குப்பதிவு செய்தார்கள். ஒரு வேட்பாளருக்கு, விழவே வாய்ப்பில்லாத அளவுக்கு வாக்குகள் காட்டியதால் மறுபடி எண்ணினார்கள். கூடுதலாக இருந்தது சரியாக 4,096 வாக்குகள். அதாவது 2ன் 12வது அடுக்கு. மெமரியில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருக்கலாம் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

2009ல் கூகுள் நிறுவனத்தின் சர்வர்களை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மெமரி ஸ்டிக்குகளில் பிழை தென்பட்டது என்றது அந்த ஆய்வு. சர்வர்களில் பிழையைத் தானே திருத்திக் கொள்ளும் இசிசி வகை ரேம் இருக்கும். நம் வீட்டு கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. எனவே நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ரேம் மீது எப்போது சந்தேகப்பட வேண்டும்?

1. நீலத்திரையில் வரும் வாசகம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இன்று "மெமரி மேனேஜ்மென்ட்", நாளை "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா", மறுநாள் "ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்" என்று வந்தால் ஹார்டுவேர் மீது சந்தேகப்படுங்கள். எப்போதும் ஒரே வாசகமும் அதனுடன் ஒரே ஃபைல் பெயரும் வந்தால் முதலில் டிரைவரைப் பாருங்கள்.

2. பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது ஃபைல் கெட்டுவிட்டது என்கிறது. அதே ஃபைல் வேறு கம்ப்யூட்டரில் நன்றாக விரிகிறது.

3. விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது பாதியில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது.

4. மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் எதுவும் வரவில்லை. அல்லது பீப் சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது.

இந்த நிலையில் பலர் முதலில் செய்வது ஃபார்மேட். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். மேஜையில் ஓட்டை இருக்கும்போது பீரோவைக் காலி செய்து என்ன பயன்? கெட்ட ரேமை வைத்துக் கொண்டு போடுகிற புதிய விண்டோஸும் கெட்டுத்தான் போகும்.

முதல் வேலை: பேக்கப், ஆனால் கவனம்!

கோளாறு வந்ததும் டேட்டாவைக் காப்பி எடுக்கத் தோன்றும். சரிதான். ஆனால் ஒரு விஷயம். காப்பி ஆகும் ஃபைல் ரேம் வழியாகத்தான் போகிறது. கெட்ட ரேம் உள்ள கம்ப்யூட்டரில் எடுக்கும் காப்பியும் கெட்டிருக்கலாம். எனவே போன மாதம் எடுத்த நல்ல பேக்கப்பின் மீதே இதை ஓவர்ரைட் செய்துவிடாதீர்கள். தேதி போட்டு தனி ஃபோல்டரில் வையுங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு நல்ல கம்ப்யூட்டரில் இணைத்துக் காப்பி எடுங்கள். அதுதான் மிகவும் பாதுகாப்பானது.

இரண்டாவது வேலை: திறந்து பாருங்கள்

பவர் கார்டை சுவிட்ச் போர்டிலிருந்து உருவிவிடுங்கள். பிறகு பவர் பட்டனை சில விநாடிகள் அழுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் தீர்ந்துவிடும். ஈரக் கையோடு தொடாதீர்கள். தரையும் ஈரமில்லாமல் இருக்கட்டும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேம் சிப்பைக் கெடுத்துவிடும்.

தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வீசும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுவதோடு, நம் வீட்டுக்குள் புழுதியையும் கொண்டு வந்து கொட்டும். மாமா கடை கேபினட்டைத் திறந்தபோது உள்ளே விரல் கனத்துக்குப் புழுதி. பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற இடம் என்பதால் அந்தப் புழுதி ஈரத்தோடு படிந்திருந்தது. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தேன்.

அடுத்து ரேமைக் கழற்ற வேண்டும். ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள கிளிப்பைத் தள்ளினால் ஸ்டிக் எழும்பி வரும். அதன் அடியில் தங்க நிறத்தில் இருக்கும் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடையுங்கள். அது கிடைக்காவிட்டால் பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பர் போதும். அழுத்தித் தேய்க்காதீர்கள். தங்கப் பூச்சு மிக மெல்லியது. ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கிழிக்காதீர்கள். வாரண்டி அதில்தான் இருக்கிறது.

திரும்பப் பொருத்தும்போது ஸ்டிக்கில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் ஒன்றாகச் சேர வேண்டும். இரண்டு ஓரங்களையும் அழுத்தினால் "டக்" என்ற சத்தத்தோடு உட்காரும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றுக்கு உள்ள ஸ்லாட்டில் மற்றது சேராது. பலவந்தமாக அழுத்தாதீர்கள்.

இன்னொரு குறிப்பு: டிடிஆர்5 போர்டுகளில் ரேமை மாற்றிய பிறகு முதல்முறை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள்கூட திரை இருட்டாகவே இருக்கலாம். போர்டு புதிய ரேமைப் பழகிக் கொள்கிறது. பயந்து ஆஃப் செய்துவிடாதீர்கள்.

பல கம்ப்யூட்டர்களில் கோளாறு இந்தச் சுத்தம் செய்யும் வேலையோடு தீர்ந்துவிடும். மாமா கடையில் தீரவில்லை.

மூன்றாவது வேலை: மெமரி டெஸ்ட்

எளிய வழி விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் எம், டி, எஸ், சி, எச், இ, டி என்ற ஏழு எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் திறக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் டெஸ்ட் துவங்கும். துவங்கியதும் எஃப்1 கீயை அழுத்தி "எக்ஸ்டெண்டட்" என்பதைத் தேர்ந்தெடுத்து எஃப்10 அழுத்தினால் இன்னும் ஆழமாகச் சோதிக்கும்.

இதைவிட நம்பகமானது மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச சாஃப்ட்வேர். வேறு நல்ல கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து பென் டிரைவில் ஏற்றிக் கொள்ளுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பிறகு அந்த பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். சில கம்ப்யூட்டர்களில் பயாஸ் செட்டிங்கில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்தால்தான் துவங்கும். உங்கள் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் இதைத் தொடும் முன் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிறகு விண்டோஸுக்குள் போக முடியாமல் தவிப்பீர்கள்.

பயாஸில் இருக்கும்போதே எக்ஸ்எம்பி என்ற வேகக்கூட்டும் வசதி ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஆஃப் செய்துவிட்டுச் சோதியுங்கள். ரேம் நன்றாக இருந்தும் அதிக வேகத்தால் தடுமாறுவது உண்டு.

ஒரு முழு பாஸ் ஓடி முடிய, ரேமின் அளவைப் பொறுத்து அரை மணி முதல் பல மணி நேரம் வரை ஆகும். இரவு ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். எத்தனை எர்ரர் வரை பரவாயில்லை என்று சிலர் கேட்பார்கள். பூஜ்யம்தான் பரவாயில்லை. ஒரு எர்ரர் வந்தாலும் அந்த நிலையில் கம்ப்யூட்டரை நம்பக்கூடாது.

நான்காவது வேலை: நான்கு கட்டம்

இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி இதுதான். டெஸ்ட்டில் எர்ரர் வந்தது என்பதாலேயே ரேம் கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. ஸ்லாட் கெட்டிருந்தாலும் எர்ரர் வரும். எனவே ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போடுங்கள். ஸ்டிக்குகளுக்கு 'அ', 'ஆ' என்றும் ஸ்லாட்டுகளுக்கு 1, 2 என்றும் பெயர் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் போட்டுச் சோதியுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டாக இருந்தால் முதலில் எந்த ஸ்லாட்டில் போட வேண்டும் என்று மேனுவலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

அ – ஸ்லாட் 1
அ – ஸ்லாட் 2
ஆ – ஸ்லாட் 1
ஆ – ஸ்லாட் 2

விடையைப் படிக்கும் முறை இது:

* ஒரு ஸ்டிக் இரண்டு ஸ்லாட்டிலும் எர்ரர் தருகிறது, மற்றது இரண்டிலும் பாஸ் ஆகிறது என்றால் ரேம் கெட்டுள்ளது. மதர்போர்டு குற்றமற்றது.

* எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் எர்ரர் வந்தால் ரேம் நன்றாக உள்ளது. ஸ்லாட், போர்டு அல்லது ப்ராசசரில் கோளாறு.

* நான்கிலும் எர்ரர் வந்தால் பவர் சப்ளை, போர்டு, ப்ராசசர் என்று மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். நண்பரிடம் அதே வகை நல்ல ரேம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

* தனித்தனியாக நான்கிலும் பாஸ், சேர்த்துப் போட்டால் மட்டும் எர்ரர் என்றால் இரண்டு ஸ்டிக்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அல்லது வேக செட்டிங் தவறு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளை மீறினால் கடைசியில் எது கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது வேலை: மதர்போர்டை எப்படிச் சந்தேகிப்பது?

கட்டங்கள் போர்டு பக்கம் கை காட்டினால் இவற்றைப் பாருங்கள்.

கெப்பாசிட்டர்: ப்ராசசரைச் சுற்றி சிறிய டின் போல நிற்கும் உருளைகள்தான் கெப்பாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ போர்டு கோளாறுதான். 2000ங்களின் தொடக்கத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்களால் உலகம் முழுவதும் போர்டுகள் செத்தன. 2005ல் டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களின் மதர்போர்டுகளை மாற்றித் தருவதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் திரவம் இல்லாத திட கெப்பாசிட்டர்கள் இருப்பதால் இந்தக் கோளாறு மிகவும் குறைந்துவிட்டது.

பவர் சப்ளை: போர்டுக்குத் தண்டனை கொடுக்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸை விசாரியுங்கள். பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பகுதியில் வோல்டேஜ் தெரியும். 12 வோல்ட் என்பது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். இதைத் தாண்டினால் வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டுப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். கரண்டைத் துண்டித்த பிறகும் அதனுள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

பட்டன் செல்: தேதியும் நேரமும் அடிக்கடி பழையதாகிவிட்டால் போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் செல்லை மாற்றுங்கள். இதற்காகப் போர்டை மாற்றியவர்களும் உண்டு!

ரேமே இல்லாமல் ஆன் செய்வது: இரண்டு ஸ்டிக்கையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் சத்தம் வந்தாலோ, போர்டில் டிராம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சிறிய விளக்கு எரிந்தாலோ போர்டு முழுவதுமாகச் சாகவில்லை என்று பொருள். ஸ்பீக்கர் இணைக்காத போர்டில் பீப் கேட்காது என்பதை நினைவில் வையுங்கள்.

ப்ராசசர்: ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி முன்பு மதர்போர்டில் தனி சிப்பாக இருந்தது. ஏஎம்டி 2003லும் இன்டெல் 2008லும் அதை ப்ராசசருக்குள்ளேயே கொண்டு போய்விட்டன. எனவே ஸ்லாட் ஒன்று வேலை செய்யாததற்கு ப்ராசசர் சாக்கெட்டில் வளைந்த ஒரு பின்கூட காரணமாக இருக்கலாம். இதுவரை வந்துவிட்டால் நல்ல சர்வீஸ் இன்ஜினியரிடம் கொடுத்துவிடுங்கள்.

மாமா கடையில் கிடைத்த விடை

நான்கு கட்டங்களையும் நிரப்ப ஒரு மத்தியானமும் ஒரு இரவும் ஆனது. 'அ' இரண்டு ஸ்லாட்டிலும் பாஸ். 'ஆ' இரண்டு ஸ்லாட்டிலும் எர்ரர். மதர்போர்டு குற்றமற்றது!

'ஆ'வைக் கழற்றிவிட்டு, ஓணம் முடியும் வரை 4 ஜிபியிலேயே கடை ஓடியது. வேகம் குறைந்தது, ஆனால் ஒருமுறைகூட நிற்கவில்லை. கெட்ட ஸ்டிக்குக்கு வாரண்டி இருந்தது. சீசன் முடிந்ததும் புதியது வந்தது. செலவு கூரியர் கட்டணம் மட்டும். 11,000 ரூபாய் மிச்சம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. "இத்தனை நாள் கெட்ட ரேம்ல ஓடிருக்கு மாமா. அந்த நாலு நாள் கணக்கையும் துண்டுச் சீட்டோட ஒத்துப் பாருங்க" என்றேன். முணுமுணுத்துக் கொண்டே பார்த்தார். பிச்சிப்பூ கொண்டுவருகிற ஒரு பாட்டி வாங்கிய முன்பணம் சீட்டில் 1,250 ரூபாய். கம்ப்யூட்டரில் 5,250. ஓணம் முடிந்து கணக்குத் தீர்க்கும்போது அந்தப் பாட்டிக்கு 4,000 ரூபாய் குறைந்திருக்கும்.

ரேம் செய்த தவறா, விரல் செய்த தவறா என்று என்னால் நிரூபிக்க முடியாது. இரண்டும் நடக்கக் கூடியவைதான். ஆனால் சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தவறு வெளியே வந்திருக்காது. மாமா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "பொட்டி நின்னதே நல்லதுக்குத்தான் மக்களே" என்றார்.

சரி செய்த பிறகு செய்ய வேண்டியவை

1. நல்ல ரேம் போட்ட பிறகு கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, சாய்வுக்கோடு, ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களை அது சரி செய்யும். கெட்ட ரேம் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

2. கோளாறு இருந்த நாட்களில் சேமித்த முக்கியமான ஃபைல்களைத் திறந்து சரிபாருங்கள். பணக் கணக்கு என்றால் காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள்.

3. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேபினட்டைத் திறந்து புழுதி துடையுங்கள். காற்றுக் காலம் முடிந்ததும் கட்டாயம் துடையுங்கள்.

4. கடையில் கொடுக்க நேர்ந்தால் நான்கு கட்டம் போட்ட காகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதைப் பார்த்த பிறகு யாரும் சோதிக்காமலே "மதர்போர்டு போயிருக்கும்" என்று சொல்லத் தயங்குவார்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்ற முடியாது. மெமரி டெஸ்ட் வரை நீங்கள் செய்யுங்கள். எர்ரர் வந்தால் டேட்டாவைக் காப்பாற்றிக் கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

அடுத்த முறை திரை நீலமானால் பதற வேண்டாம். ஒரு காகிதம் எடுத்து நான்கு கட்டம் போடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரே விடையைச் சொல்லிவிடும்!